ஏராகோப்ராவின் மூக்கு

ரம்பத்தின் பற்கள் விமானத்தின் மூக்கில் பதிந்திருந்தன. ஓர் இழுப்பு இழுத்தால் போதும். கன்னையாவின் கை அசைய மறுத்தது.

சனிக்கிழமைக் காலை. ஆலை அரைக்கத் தொடங்கிவிட்ட ஜூன் மாதத்தில், லோவுச் சாலையில் அந்த நேரத்துக்குக் கரும்பு லாரிகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைக்குச் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. மேட்டுப் பக்கம் நாய்கள் மட்டும் விடாமல் குரைத்தன. முதலில் கோவிலை ஒட்டிய வீடுகளில் குரைத்தன, பிறகு கடைக்குப் பக்கத்தில். குரைப்பு வீடு வீடாகக் கீழே இறங்கி வருகிறது என்பதைக் கேட்டுக்கொண்டேதான் கன்னையா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான்.

மேசைமேல் நின்றது ஓர் ஏராகோப்ரா. உலகப் போரின்போது இந்தத் தீவு நாட்டின் நாந்தி ஓடுதளத்தில் அமெரிக்கர்கள் கொண்டுவந்து நிறுத்திய சண்டை விமானம். இது அதன் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவுப் பொம்மை. சிட்னியிலிருந்து மகள் அனுப்பிய பெட்டியில் இருந்த பிளாஸ்டிக் துண்டுகளைச் சொன்னபடி ஒட்டியிருந்தால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும். பெட்டியில் வந்திருப்பது தப்பான விமானம் என்று கன்னையா தீர்மானித்ததில்தான் ஒன்றரை வருடம் ஓடிப்போயிற்று. பெட்டிக்காரனின் விமானத்துக்குப் பக்கத்துக்கு ஆறு புகைக்குழாய்கள். சவேனிக்கு அப்பால் அலையாத்திக் காட்டுச் சேற்றில் இறக்கை ஒடிந்து கிடக்கும் நிஜ விமானத்துக்குப் பக்கத்துக்குப் பன்னிரண்டு. இதை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்று மனைவி சுமித்ரா கேட்டாள். கன்னையா ஆலையின் வரைபட அறையில் இருபது வருடமாக வேலை பார்ப்பவன். கோடு அரை மயிரிழை தள்ளி விழுந்தாலும் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. பெட்டியில் வந்த குழாய்களைச் செதுக்கி எறிந்துவிட்டு, ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மைத்துனி கொடுத்த பழைய ஊசிகளை நறுக்கிப் பன்னிரண்டும் பன்னிரண்டும் பதித்தான். விமானி ஏறுவதற்கு மோட்டார் காருக்கு இருப்பதுபோல ஒரு கதவு. அந்தக் கதவின் உள்பக்கம் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற கைப்பிடி. எள்ளைவிடச் சிறியது. அதைச் செய்ய ஒரு மழைக்காலம் பிடித்தது.

இந்த விமானத்துக்கு ஒரு கோணல் உண்டு. இன்ஜின் விமானிக்குப் பின்னால் இருக்கிறது. முன் சக்கரம் மூக்குக்கு அடியில் இருக்கிறது. நிஜ விமானத்தில் மூக்குக்குள் பீரங்கியும் துப்பாக்கிகளும் இருப்பதால் அது முன்னால் சாய்ந்து ஒழுங்காக நிற்கும். பொம்மையின் மூக்கு வெறும் கூடு. ஏதாவது கனத்தை வைத்து அடைக்காவிட்டால் வால் தரையில் குத்த, பொம்மை மல்லாந்து உட்கார்ந்துவிடும். ஒரு தூண்டில் ஈயம் போதும். கன்னையா ஈயத்தை எடைபோட்டும் வைத்திருந்தான். அதற்குள் ஆலைக் கூட்டாளி செமி ஈரத் தலையோடு வந்து, கைக்குட்டையை அவிழ்த்து நிஜ விமானத்தின் துப்பாக்கிக் குண்டு ஒன்றை மேசைமேல் உருட்டினான். ஆள்காட்டி விரல் நீளம், பச்சைக் களிம்பு ஏறிய செம்பு. சேற்றுக்குள் மூழ்கிப் போய்த் தோண்டி எடுத்தது. தோட்டாவின் மருந்துக் கூட்டைக் கழற்றிக் கடலில் போட்டுவிட்டு முன்பக்கத்துக் குண்டை மட்டும் கொண்டுவந்திருந்தான்.

"அதோட கனம் அதுக்குள்ளயே இருக்கட்டும் பயா. ஈயம் வச்சா அது பொய்யி," என்றான் செமி, தன் கரும்புக்காட்டு இந்தியில். பயா என்றால் அண்ணன்.

அந்தப் பேச்சில் கன்னையா விழுந்துவிட்டான். இருவரும் சேர்ந்து அந்தக் குண்டைச் சாம்பல் நிறப் புட்டிப் பசையில் பொதிந்து மூக்குக்குள் அழுத்தினார்கள். மூடி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்தார்கள். விமானம் மூன்று சக்கரத்திலும் பிசகாமல் நின்றபோது செமி சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினான். அவன் ஆலையில் வார்ப்பு அச்சுகளுக்கு மரத்தில் மாதிரி செதுக்கும் தச்சன். சவேனிக்கு அந்தப் பக்கத்துக் கோரோவில், தீவின் பூர்வகுடிகளான தன் சனங்களின் கிராமத்தில், வீடு. சேற்று விமானத்தைக் காட்டிக் கொடுத்ததே அவன்தான். கடல் வடிகிற ஞாயிறுகளில் அளவு நாடாவின் ஒரு முனையை அவனும் மறுமுனையை இவனும் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறார்கள்.

அது போன வருடம் மார்ச்சில். அப்புறம் மே மாதம் வந்தது. இந்தியர்கள் நிறைந்த அரசாங்கத்தைக் கவிழ்க்க ராணுவம் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது, செப்டம்பரில் இன்னொரு முறை ஆட்சியைப் பிடித்தது. கூப்பிட்டால் போக வேண்டிய ஒதுக்குப் படையில் பெயர் கொடுத்திருந்த செமி ஆலைக்கு வருவது குறைந்து சீருடையில் இருப்பது அதிகமாயிற்று. வந்த நாட்களிலும் ஆலைச் சாப்பாட்டுக் கொட்டகையில் அவனுடைய ஆட்கள் ஒரு பக்கமும் இந்தியர்கள் ஒரு பக்கமும் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். செமி எந்தப் பக்கத்து ஆள் என்று கன்னையா கேட்டதில்லை. செமியும் சொன்னதில்லை. இப்போது, துறைமுகத்தில் வந்திறங்கிய பெட்டகங்களில் துப்பாக்கிகள் இருந்தன என்று ரேடியோ சொன்னதிலிருந்து, இந்தியர் வீடுகளில் சோதனை. யார் வீட்டிலாவது ஆயுதம் கிடைத்தால் கேள்வி கிடையாது, கோர்ட்டு கிடையாது, உள்ளே. தோட்டாவும் அதே கணக்குத்தான். பா ஊர்ச் சாலையில் ஒருவனை, பன்றி சுட வைத்திருந்த பழைய ரவைகளுக்காகக் கொண்டுபோனார்கள். அவன் பெண்டாட்டி இன்னும் ஸ்டேஷன் வாசலில்தான் நிற்கிறாள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

"ஏங்க, இன்னும் என்ன அத மூஞ்சிக்கு நேரா வச்சிக்கிட்டு?" சுமித்ரா சமையல்கட்டு வாசலில் நின்றாள். "எல்லாத்தையும் சாக்குல போட்டுக் கரும்புக்குள்ள கடாசிட்டு வாங்கன்னு வியாழக்கிழமையிலேருந்து சொல்றேன். அவனுங்க கடகிட்ட வந்துட்டானுங்க."

"பொம்மைக்கு எவன் கேஸ் போடுவான்?"

"பொம்மைன்னு அவனுக்கு யாரு சொல்லுவா?"

மூக்குக்குள் இருப்பது அவளுக்குத் தெரியாது. சிட்னியில் மகள் தீப்திகாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விசா கேட்டிருந்தாள். டாக்டர் பரிசோதனை முடிந்துவிட்டது, போலீஸ் நற்சான்று ஒன்றுதான் பாக்கி. அந்தக் காகிதத்தில் ஒரு புள்ளி விழுந்தாலும் எல்லாம் போயிற்று என்பது கன்னையாவுக்குச் சுமித்ராவைவிட நன்றாகத் தெரியும். நேற்று மாலையே அறுத்து எடுத்திருக்க வேண்டும். எடுக்கலாம் என்று உட்காருவதும், மூக்கின் அந்த வளைவைப் பார்த்துவிட்டு எழுந்து போவதுமாக நேற்று கழிந்தது. அறுத்தால் ஒட்டலாம், ஒட்டினால் வடு தெரியும். ஒரு வடுவுக்காகத் தன் குடும்பத்தைப் பணயம் வைக்கிறோம் என்று அவன் தன்னையே திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டபடியே பல்லைக் கடித்து ரம்பத்தை முன்னால் தள்ளினான். பெயிண்டில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது. அந்தக் கீறலைப் பார்த்ததும் மறுபடி கை நின்றது.

வாசலில் லாரி வந்து நின்றது.

சிப்பாய்கள் குதித்து இறங்கினார்கள். இருவர் வீட்டின் பின்பக்கம் ஓடினார்கள். கன்னையா ரம்பத்தை மேசையிலேயே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தபோது கடைசியாக லாரியிலிருந்து இறங்கியவன் செமி. இரும்புத் தொப்பிக்குக் கீழே அவன் முகம் வேறு யாருடையதோ போலிருந்தது. இந்த வீட்டு நாய் அவனைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு ஓடியது. செமி அதைக் காலால் மெல்ல ஒதுக்கிவிட்டு, கன்னையாவின் தலைக்கு மேலே இருந்த தகரக் கூரையைப் பார்த்தபடி நின்றான்.

அதிகாரி சின்னப் பையன் மாதிரி இருந்தான். தலைநகர் சுவாக்காரன் என்பது அவன் ஆங்கிலத்தில் தெரிந்தது. சத்தம் போடவில்லை. "மன்னிக்க வேண்டும். வீட்டைப் பார்க்க வேண்டும்," என்றான். சுமித்ரா ஓர்னியைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள். மெத்தையைப் புரட்டினார்கள். கரும்பு வெட்டும் கத்திகளை எடுத்து வாசலில் வரிசையாக வைத்தார்கள். ஒரு சிப்பாய் சாமி மாடத்துக்கு முன்னால் தயங்கி நின்று, பிறகு துப்பாக்கி முனையாலேயே முருகன் படத்தை மெதுவாக, கீழே விழாமல், நகர்த்தி அதற்குப் பின்னால் பார்த்துவிட்டு மறுபடி நேராக வைத்தான். அந்த ஜாக்கிரதையைப் பார்த்தபோதுதான் சுமித்ரா ஓர்னி நுனியை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அதிகாரி அறைக்குள் வந்தான். அலமாரியில் கன்னையா முன்பு செய்த மூன்று விமானங்கள், ஒரு கிட்டிஹாக், ஒரு கோர்சேர், ஜப்பான்காரனின் ஒரு ஜீரோ. மேசைமேல் ஏராகோப்ரா. ஒவ்வொன்றின் எதிரிலும் குனிந்து பார்த்தான். கோர்சேரின் மடங்கிய இறக்கைக்குக் கீழே இருந்த எண்ணெய்க் கறையைத் தொட்டு, விரலைப் பார்த்தான். கறை விரலில் ஒட்டவில்லை, பெயிண்ட்.

"எல்லாமே சண்டை விமானம். ஒரு பயணிகள் விமானம்கூட இல்லையே, ஏன்?"

இதை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. வேறொரு நாளாக இருந்திருந்தால் கன்னையா உட்கார்ந்து யோசித்துப் பதில் சொல்லியிருப்பான். இன்று "சும்மா ஒரு ஆசை சார்," என்றான். அது பொய்போலக் கேட்டது.

அதிகாரி வரைபடச் சுருளை அவிழ்த்தான். சேற்று விமானத்தின் அளவுகள், பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம். கடைசித் தாளில் சவேனிக் கரையோரத்தின் கோட்டுப்படம். அலையாத்திகளுக்கு நடுவே தண்ணீர் வடிந்தால் எங்கே எவ்வளவு ஆழம், எந்த வழியாகப் படகு வரலாம் என்று கன்னையாவின் அழகான எழுத்தில் குறித்திருந்தது. அந்தத் தாளை அதிகாரி நீண்ட நேரம் பிடித்திருந்தான். அறைக்குள் இருந்த காற்று மாறியதைக் கன்னையா உணர்ந்தான். துப்பாக்கிகள் கடல் வழியாக வருகின்றன என்று நாடே பேசிக்கொண்டிருக்கிற மாதத்தில் ஒரு இந்தியன் வீட்டில் கரையின் ஆழம்.

"இது எதற்கு?"

"விமானம் கெடக்குற எடம் சார். தண்ணி வடிஞ்சாத்தான் அளக்க முடியும்."

"கூட யார் வந்தார்கள்?"

செமி கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். கன்னையா அந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டான். செமியின் பெயரைச் சொன்னால் படம் பொய்யில்லை என்று ஆகிவிடும். ஆனால் படத்தோடு கேள்வி நிற்காது. இந்தியனுக்கு வழி காட்டிய சிப்பாயை இந்த மாதத்தில் என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

"தனியாத்தான் சார் போனேன்."

"அளவு நாடாவின் இரண்டு முனையையும் நீ ஒருவனே பிடித்தாயா?"

"ஒரு முனைய மரத்துல கட்டிடுவேன்."

அதிகாரி அவனைப் பார்த்துக்கொண்டே சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். பிறகு, கை சும்மா இருக்க வேண்டாம் என்பதுபோல, மேசையிலிருந்த ஏராகோப்ராவைத் தூக்கினான். தூக்கியதும் அவன் மணிக்கட்டு முன்னால் சரிந்தது. மூக்கு கீழே போயிற்று. அதிகாரியின் புருவம் சுருங்கியது. இன்னொரு கையில் கிட்டிஹாக்கை எடுத்துப் பார்த்தான். அது காகிதமாய் இருந்தது. மறுபடி ஏராகோப்ரா. பெயிண்டில் விழுந்திருந்த வெள்ளைக் கீறலையும், மேசைமேல் கிடந்த ரம்பத்தையும் பார்த்தான்.

"உள்ளே என்ன?"

"தூண்டில் ஈயம் சார். மூக்குல கனம் இல்லன்னா இது நிக்காது."

"திற."

கன்னையா ரம்பத்தை எடுத்தான். கைப்பிடி வழுக்கியது. அறுத்தால் புட்டிக்கு நடுவே செம்பு தெரியும். முடிந்தது என்று நினைத்தான். சுமித்ரா அந்தச் சுவரோரம் நிற்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லையே என்பது மட்டும்தான் அப்போது மனதில் ஓடியது.

"சார், அறுத்துக்கிட்டிருந்தா பொழுது போயிடும்," என்றது செமியின் குரல், ஆங்கிலத்தில். அவன் முன்னால் வந்து அதிகாரியின் கையிலிருந்து விமானத்தை வாங்கினான். தரையில் வைத்தான். துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து மரக்கட்டையால் ஒரே குத்து.

பிளாஸ்டிக் உடைகிற சத்தம் பெரிதாக ஒன்றும் இருக்காது. கோழி எலும்பு நொறுங்குகிற மாதிரிதான். பொம்மையின் கதவு தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போயிற்று. செமி மண்டியிட்டு, துண்டுகளுக்குள் கையை விட்டுச் சாம்பல் நிற உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"ஈயமும் புட்டியும் சார். வலைக்குக் கட்டுறது."

அந்த உருண்டையின் ஒரு நுனியில் புட்டி பெயர்ந்து, நகக்கண் அளவுக்குச் செம்பு தெரிந்தது. செமியின் கட்டைவிரல் அதன்மேல் இருந்தது. முழுவதும் இருந்ததா, பாதி இருந்ததா என்று கன்னையாவால் சொல்ல முடியவில்லை. அதிகாரி குனிந்தான். அந்தச் சமயம் பின்பக்கத்திலிருந்து ஒரு சிப்பாய் கிணற்றைப் பற்றி ஏதோ கூப்பிட்டுக் கேட்டான். அதிகாரி நிமிர்ந்து பதில் சொன்னான். செமியின் விரல்கள் மூடின. கை சட்டைப் பைக்குள் போயிற்று.

அதோடு முடிந்திருக்க வேண்டும். செமி நிறுத்தவில்லை. அலமாரிப் பக்கம் திரும்பி கோர்சேரை இழுத்துத் தரையில் போட்டு மிதித்தான். கிட்டிஹாக்கைக் குத்தினான். ஜீரோவை எடுத்துச் சுவரில் அடித்தான். யாரும் சொல்லவில்லை. அதிகாரிகூடத் திரும்பிப் பார்த்து, "போதும்," என்றான். கோர்சேரை மிதித்த அந்தக் கணத்தில் கன்னையா செமியின் முகத்தைப் பார்த்துவிட்டான். பல் தெரிந்தது. கஷ்டப்பட்டு எதையோ தூக்குகிறவனுக்கும் பல் தெரியும், சிரிக்கிறவனுக்கும் தெரியும். இது எது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டு, படச் சுருளையும் கரும்புக் கத்திகளையும் எடுத்துக்கொண்டு அவர்கள் போனார்கள். லாரி அடுத்த வீட்டு வாசலில் நின்றது. அங்கே நாய் குரைக்கத் தொடங்கியது.

சுமித்ரா துடைப்பத்தைக் கொண்டுவந்தாள். பெருக்கவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வீட்டுச் சோறு தின்ன ஆளு," என்றாள். "பௌஜி, அண்ணின்னு சமையல்கட்டு வரைக்கும் வருவான். இப்பிடி மிதிச்சிட்டுப் போறான்."

அப்போதுதான் கன்னையா அவளிடம் சொன்னான். மூக்குக்குள் என்ன இருந்தது, யார் கொண்டுவந்தது, ஏன் வைத்தது. சுமித்ரா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை.

"தீப்தி அங்க ஒத்தையா பெத்துக்கும். நீங்க உள்ள இருப்பீங்க. நான் ஸ்டேஷன் வாசல்ல நிப்பேன். ஒரு பொம்ம நேரா நிக்கணும்னுட்டு."

"செமி காப்பாத்திட்டான்ல."

"யார?" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அது வெளிய வந்திருந்தா எவன் குடுத்தான்னு கேக்க மாட்டானுங்களா? நீங்க எத்தன அடி தாங்குவீங்க? அவன் அவனத்தான் காப்பாத்திக்கிட்டான். நீங்க அதுல தொத்திக்கிட்டு வந்தீங்க. அவ்ளோதான்."

"அப்ப மத்த மூணையும் எதுக்கு ஒடச்சான்?"

"ஒண்ண மட்டும் ஒடச்சா சந்தேகம் வரும்னு இருக்கலாம்." யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இல்ல, ஒடைக்கணும்னு ரொம்ப நாளா இருந்திருக்கலாம். அது எனக்குத் தெரியாது. உங்க கூட்டாளி."

திங்கட்கிழமை ஸ்டேஷனில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்தக் கரைப் படத்தைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவனும் மரத்தில் கட்டிய நாடாவையே திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியில் ஓர் இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பிப் பார்த்து, சேற்றில் விமானம் கிடப்பது நிஜம்தான் என்று தெரிந்த பிறகு விட்டார்கள். படங்கள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நற்சான்று வருமா வராதா என்று காத்திருந்த வாரங்கள்தான் கொடுமை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் சுமித்ரா அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள். குழந்தை பிறந்த செய்தி கடை டெலிபோனுக்கு வந்தது, பெண் குழந்தை. அதற்கு அப்புறம் கொஞ்ச நாளில் சான்றும் வந்தது. பயண நாள் குறித்தாயிற்று. வீட்டுச் சாமான்களைக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

செமி ஆலைக்குத் திரும்பவே இல்லை. லெபனானுக்குப் போகும் அமைதிப் படையில் பெயர் வந்துவிட்டது, கிளம்புமுன் கோரோவில் லீவில் இருக்கிறான் என்று தச்சுக் கொட்டகையில் சொன்னார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து கன்னையாவுக்குத் தூக்கம் சரியில்லை. ஏன் மிதித்தாய் என்று கேட்காமல் விமானம் ஏறிவிடலாம். ஏறிவிட்டால் அந்தப் பல் தெரிந்த முகம் சிட்னிக்கும் கூட வரும். சுமித்ராவிடம் சொன்னபோது, "கேட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். கொஞ்சம் கழித்து அவளே, "வெறுங்கையோட போவாதீங்க," என்றாள்.

லௌடோக்கா மார்க்கெட்டில் இடித்துக் கரைத்துக் குடிக்கிற நங்கோனா வேரில் நல்லதாகப் பார்த்து ஒரு கட்டு எடுத்தான். செய்தித்தாள் சுற்றிய கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனான். கோரோவுக்குள் ஒருவன் நங்கோனா கொண்டுபோனால் எதற்குக் கொண்டுவந்தோம் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். அதுதான் முறை. சொன்னது சரியென்று பட்டால் எதிரே இருப்பவர் இரண்டு கையையும் குவித்துத் தட்டி ஏற்றுக்கொள்வார். கன்னையா இதைப் பல தடவை செமியின் வீட்டில் பார்த்திருக்கிறான். பஸ்ஸில் ஒவ்வொரு வார்த்தையாக வைத்துப் பார்த்தான். நன்றி என்றால், செமி காப்பாற்றியது கன்னையாவைத்தான் என்று நம்பியாக வேண்டும். மன்னிப்பு என்றால், அந்தக் குண்டை வெளியே எடுக்காமல் வைத்து இரண்டு குடும்பத்தையும் கத்தி முனையில் நிறுத்தியது தான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது உண்மையும்கூட. ஆனால் மிதித்தவனிடம் மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்பதா என்று உள்ளே ஒன்று முரண்டு பிடித்தது. போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னால் எதையும் கேட்க வேண்டாம், எதையும் கொடுக்கவும் வேண்டாம்.

செமி இடுப்பில் சூலுத் துணி கட்டிக்கொண்டு வீட்டு நிழலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். கன்னையாவைப் பார்த்ததும் எழுந்தான். அவன் மனைவி உள்ளே பாய் விரித்தாள். இருவரும் கால் மடித்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். திறந்திருந்த கதவு வழியே கடல் தெரிந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"சிட்னிக்கா?" என்றான் செமி.

"அடுத்த வாரம். நீ?"

"நானும் அடுத்த வாரம்தான்."

செமியின் கண் கன்னையாவின் மடியிலிருந்த கட்டுக்குப் போயிற்று. கன்னையா செய்தித்தாளைப் பிரித்தான். வேர்களை இரண்டு கையாலும் ஏந்திப் பாயின் நடுவே வைத்தான். வேரில் ஒட்டியிருந்த மண் கொஞ்சம் பாயில் உதிர்ந்தது.

செமி தலை குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"இது எதுக்கு பயா?"

மூன்றில் எந்த வார்த்தை என்று தீர்மானிக்காமலே கன்னையா வாயைத் திறந்தான். எதிரே செமி தன் இரு கைகளையும் உயர்த்தி, குவித்து, மார்புக்கு நேராக வைத்துக் காத்திருந்தான். உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதன் வழியே ஏறிவருகிற தண்ணீர் தெரிந்தது.